பதினெட்டாவது வரைபடம்

திருத்தப் பிராணி என்று ஓர் இனம் உண்டு. முடிந்த வேலையைக் கண்டால் அதற்குக் கை துறுதுறுக்கும். "இதை மட்டும் மாத்திட்டா..." என்று ஆரம்பிக்கும். அத்தோடு உங்கள் வாரம் போயிற்று.

விருத்தாசலத்துக் காஸ்பர் அந்த இனத்தின் அசல் மாதிரி. வடக்கே ஒரு சின்க்ரோட்ரான் கூடத்தில் பொறியாளர். ராட்சத வளையத்தில் எலக்ட்ரான்களை ஓடவிட்டு, அவை வளையும்போது கிளம்பும் எக்ஸ்ரே கதிரைப் பிடித்து, சூட்டில் களிமண் எப்படி விரிசல் விடுகிறது என்று நொடிக்கு ஐயாயிரம் படம் எடுக்கும் கருவியை வடிவமைப்பவர். நொடியை ஐயாயிரமாக நறுக்கத் தெரிந்த மனிதருக்கு, நான்கு மாதமாக ஒரு கிண்ணத்தை முடிவு செய்யத் தெரியவில்லை!

கருவியின் குட்டி உலைக்குள் மண் துண்டைத் தாங்கவேண்டிய பீங்கான் கிண்ணம் அது. சொந்த ஊரில், பீங்கான் பட்டறை நடத்தும் அமுதவள்ளியிடம் செய்யச் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை ஒரு வரைபடம் வரும். புதன்கிழமை கிண்ணத்தின் உயரம் குறையும். வெள்ளிக்கிழமை அதன் விளிம்பு மெலியும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலிலிருந்தே போன் வரும்.

சோதனைக்கு ஒதுக்கிய மூன்று நாள் நெருங்கியது. தவறினால் வேறு குழுவுக்குப் போய்விடும். இரண்டு வருட உழைப்பு அலமாரி ஏறிவிடும். அப்போதும் காஸ்பர் என்ன செய்தார்? பதினெட்டாவது வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு நேரிலேயே வந்து இறங்கினார்.

அமுதவள்ளி சூளைக் கதவைச் சாத்தியிருந்தார்.

"பதினாலாவது படத்த வச்சு செஞ்சு உள்ள அடுக்கியாச்சு தம்பி."

"அய்யோ, அதுல கதிர் போற துளை அரை மில்லி பெருசுக்கா! கொஞ்சம் தொறங்க."

"நெருப்பு ஏறிட்டு இருக்குது. இனிமே யாரு வந்தாலும் தொறக்க மாட்டேன். போயி சாப்பிட்டு வாங்க."

காஸ்பருக்கு முகம் வெளிறிப்போயிற்று. பிறகு, தன்னால் இனி எதுவும் செய்ய முடியாது என்பது மெல்ல உறைத்ததும், மனுஷர் ஓட்டலுக்குப் போய் ஆறு இட்லி சாப்பிட்டார். நான்கு மாதத்தில் ருசி தெரிந்து சாப்பிட்டது அன்றுதான்.

கிண்ணம் போய்ச் சேர்ந்தது. அந்த அகலத் துளையில் கதிர் தாராளமாகப் போயிற்று. மண் துண்டு வெடித்ததைப் படம் படமாக அமுதவள்ளிக்கு அனுப்பினார். அந்த அம்மாள் மூன்று முறை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு உடனே கூப்பிட்டார்.

"அடியிலேர்ந்துல்ல கீறல் கெளம்புது! நம்ம பட்டறை சாமானும் இப்பிடித்தான் வெடிக்குது, அடி காயாமயே சூளையில வச்சிருக்கோம் தம்பி. நான் ஏழு வருஷமா சூட்டதான் திட்டிட்டு இருந்தேன்."

காஸ்பர் பதினெட்டாவது வரைபடத்தைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் அதைக் குறித்துக்கொண்டார்.

சிரிக்கிறீர்களே, ஒன்று கேட்கட்டுமா? உங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டதா, இல்லை இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறதா?