எதிர்ப் பக்கத்துக்கு ஓர் ஆள்

“என்னால முடியாது பாதர். வேற யாரையாவது பாருங்க” என்று மேடைக்குப் பின்னால் நின்று ஆஷ்லி கெஞ்சினான்.

பொம்மசந்திரா தொழிற்சாலையில் காலை ஷிப்டை முடித்து, ஓசூர் ரோடு நெரிசலில் நீந்தி, கத்தரீனம்மாள் கோயில் திருவிழாவுக்கு அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தான். ஒரு வாய் காபி குடிப்பதற்குள் பட்டிமன்ற மேடைக்கு இழுத்து வந்துவிட்டார்கள். தலைக்கு மேலே பேனர் தொங்கியது: ‘புனித கத்தரீனம்மாளின் வேதசாட்சியம் வரலாறா? கதையா?’ விசுவாசத்துக்காக உயிரைவிட்டதாகச் சொல்லப்படும் அந்தப் புனிதை நிஜமாகவே வாழ்ந்தாளா என்பதுதான் விவாதம்.

கேள்விக்குப் பயப்படுகிற விசுவாசம் விசுவாசமே அல்ல என்பது புதுப் பங்குச் சாமியாரின் கட்சி. தலைப்பு அவர் கொடுத்ததுதான்.

“கதை அணியில பேச வேண்டியவருக்குக் கடைசி நேரத்துல முடியாமப் போச்சுப்பா. உன் பேரத்தான் சொன்னாங்க.”

“யாரு சொன்னாங்க?”

பதில் சொல்லப் பாதருக்கு நேரமில்லை. தேருக்குப் பூ வந்துவிட்டதென்று யாரோ கூப்பிட, ஓடிவிட்டார்.

ஆஷ்லியின் கவலை சரித்திரத்தைப் பற்றியது அல்ல. மறுநாள் மாலை ஆறு மணிக்கு அம்மாவையும் பெரியப்பாவையும் அழைத்துக்கொண்டு ரூபினியைப் பெண் கேட்டுப் போவதாக ஏற்பாடு. ரூபினியின் அப்பா சவரியப்பன்தான் கத்தரீனம்மாள் சபைத் தலைவர். தேர் தூக்கித் தூக்கித் தோளில் காய்ப்பு விழுந்தவர். அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, ‘கத்தரீனம்மாள் என்று ஒருத்தி பிறக்கவே இல்லை’ என்று மைக்கில் முழங்கிவிட்டு, மறுநாள் எந்த முகத்தோடு பூத்தட்டை நீட்டுவது?

ரூபினிக்குப் போன் போட்டான். அவள் வேலையில் இருந்தாள், எடுக்கவில்லை.

வரலாறு அணித் தலைவி தமயந்தி டீச்சரிடம் போனான்.

“டீச்சர், நாம பக்கம் மாத்திக்கலாமா?”

“பன்னண்டு பக்கம் எழுதி வச்சிருக்கேன் தம்பி. இந்த வயசுல அம்மாவ இல்லன்னு சொல்லச் சொல்றியா? நீ சின்னப் பையன், பேசிட்டுப் பாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கோ.”

சரி, நேராகப் போய்ச் சொல்லிவிடுவதே நல்லது என்று சவரியப்பனிடமே போனான். நவம்பர்க் குளிருக்கு மஃப்ளரைக் காதுவரை சுற்றிக்கொண்டு, குடையை ஊன்றி நின்றிருந்தார்.

“மாமா, நான் பேசப்போறது என் கருத்தே இல்ல. தப்பா எடுத்துக்காதீங்க.”

சவரியப்பன் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். முஷ்டியை மடக்கி ஆஷ்லியின் நெஞ்சில் இரண்டு குத்துக் குத்தினார். பிறகு ஒரு வார்த்தை பேசாமல் போய் உட்கார்ந்துவிட்டார்.

ஆஷ்லி மேடை ஏறினான். இனி ஒரே வழிதான். பேசுவதுபோல் பேசி, தோற்றுவிட வேண்டும்.

நடுவர் வைத்தீஸ்வரன், பீன்யா தமிழ் மன்றத்துக்காரர். நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்திருந்தார். இரண்டு பக்கமும் சொந்தமில்லாதவர் என்று தேடிப் பிடித்த நடுவர். மணியடித்து ஆஷ்லியை அழைத்தார்.

“கத்தரீனம்மாள் வாழ்ந்ததா சொல்ற காலத்துல இருந்த சரித்திர ஆசிரியர் யாரும் அவங்க பேர எழுதி வைக்கல” என்று ஆரம்பித்தான் ஆஷ்லி. “ஆனா, அவங்களுக்கு ஞாபக மறதியாக்கூட இருந்திருக்கலாம்.”

கூட்டம் சிரித்தது. சவரியப்பன் குடையால் தரையைத் தட்டினார். இரண்டு கைகளையும் தூக்கி ஆறு விரல் காட்டினார். பிறகு ஒன்பது விரல் காட்டினார்.

ஆஷ்லி விரல்களை எண்ணினான். நாளைக்கு ஆறு மணிக்கு வராதே, ஒன்பது மணிவரை வாசலில் நின்றாலும் கதவு திறக்காது என்கிறாரா?

குரலை இன்னும் இறக்கினான். “அம்பது அறிஞர்கள்கூட அவங்க ஒருத்தியா வாதாடி ஜெயிச்சதா சொல்றாங்க. நம்புறது கஷ்டம். ஆனா, வீட்ல எங்க அம்மா வாதாடறதப் பாத்தவங்க நம்புவாங்க.”

இப்போது கைதட்டலே விழுந்தது. சவரியப்பன் எழுந்து நின்று, விரலைக் கழுத்தில் வைத்து இந்தக் காதுக்கும் அந்தக் காதுக்கும் ஒரு கோடு இழுத்துக் காட்டினார்.

கல்யாணம் போனால் போகிறது, உயிராவது மிஞ்சட்டும் என்று ஆஷ்லி முடிவுசெய்தான். “முள் சக்கரத்துல ஏத்தினப்போ அந்தச் சக்கரமே ஒடஞ்சு போச்சு. அந்தத் தாய்க்கு ஈடு யாரு?” என்று மனமுருகப் பேசலானான்.

நடுவர் மணியை அடித்தார். “தம்பி, நீங்க எந்த அணி?”

“கதை அணிதாங்க ஐயா.”

“அப்ப அந்த அணிக்கும் ஏதாவது மிச்சம் வைங்க.”

சவரியப்பன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

அடுத்து தமயந்தி டீச்சர் எழுந்தார். எழுந்த நிமிடம் கரண்ட் போனது. ஜெனரேட்டர் மைக்குக்கும் தேருக்கும் மட்டும்தான். டீச்சர் இருட்டில் பன்னிரண்டு பக்கங்களையும் புரட்டினார். ஒன்று கீழே விழுந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

ஆஷ்லி எதையும் யோசிக்கவில்லை. விழுந்த தாளை எடுத்து வரிசையில் வைத்து, செல்போன் டார்ச்சை அவர் தோளுக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றான்.

டீச்சர் வெளுத்துக் கட்டினார். “அறுபத்தொன்பதுல அம்மாவோட திருநாளத் திருச்சபைக் காலண்டர்லருந்து எடுத்தாங்களேன்னு எதிரணி கேக்கும்னு காத்திருந்தேன். கேக்கல. ரெண்டாயிரத்து ரெண்டுல திரும்பச் சேத்தாங்கன்னு சொல்ல வச்சிருந்தேன். தலைய வெட்டினப்ப ரத்தத்துக்குப் பதிலா பால் வந்துதாமே, இது நடக்குமான்னு கேப்பாங்கன்னு பாத்தேன். அதையும் கேக்கல. நானே சொல்றேன். அதுக்கு எங்கிட்ட ஆதாரம் இல்ல. ஆனா அந்தக் காலத்துல விசுவாசத்துக்காகச் செத்தவங்க நிஜம். எல்லார் பேரையும் யாரு எழுதி வச்சா? பேருல கத சேந்திருக்கலாம். சிந்தின ரத்தத்துல கத இல்ல.”

பக்கம் திருப்பும்போதெல்லாம் ஆஷ்லியின் வெளிச்சமும் கூடவே நகர்ந்தது. கத்தரீனம்மாள் வாழ்ந்தாளா என்பதை அறிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும். தன்னைத் தோற்கடிப்பவருக்கு விளக்குப் பிடித்த ஒருவன் அன்று அந்த மேடையில் இருந்தான் என்பதற்கு ஊரே சாட்சி.

வரலாறு அணி வென்றது. டீச்சர் ஆஷ்லியின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். சவரியப்பன் அவன் முன்னால் வந்து நின்றார். ஏற இறங்கப் பார்த்தார். அவன் கையிலிருந்த போனைப் பார்த்தார். நெற்றியில் அடித்துக்கொண்டு தேர்ப் பக்கம் நடந்துவிட்டார்.

ஆஷ்லி மேடைப் படியில் சாய்ந்து உட்கார்ந்தான். மைக் செட் உமேஷ் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

“எல்லாம் முடிஞ்சுது உமேஷ். மாமா முகத்தப் பாத்தீங்கல்ல? இனிமே அந்தத் தெருப் பக்கமே போக முடியாது.”

“அவருக்குக் கோபம் இருக்காதா குரு? எதிர்ல நிக்கறவன் சரியில்லன்னா அம்மா ஜெயிக்கறதுல என்ன பெருமைன்னு, கதை அணிய அவரே கேட்டு வாங்கினாரு. ஒரு வரி எழுதி வெக்காம எல்லாத்தையும் மண்டையிலயே ஏத்தி வச்சிருந்தாரு. காலையில தேர்ப்பாட்டு ஒத்திகையில தொண்டை கட்டிக்கிச்சு.”

ஆஷ்லி வாயைப் பிளந்தான்.

“அடச்சே, உனக்கு யாரும் சொல்லலியா?” என்ற உமேஷ், கடைசி ஒயரைத் தோளில் மாட்டிக்கொண்டான். “மிச்சமிருந்த கொரல்ல அவர் பாதர்கிட்ட பேசின கடைசி வார்த்தையே, ‘எனக்குப் பதிலா என் மாப்பிள்ளை பேசட்டும்’னுதான்.”