சோப்பில் கரைந்த வேலை

பதற்றக்காரர்கள் எல்லாவற்றையும் சரிபார்ப்பார்கள் என்பது பொய். நாங்கள் ஒன்றையே இருபது முறை பார்ப்போம். பக்கத்தில் இருப்பதைக் கோட்டை விடுவோம்.

திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரியில் ஆசிரியர் வேலைக்கு நேர்முகத் தேர்வு. பாடம் நடத்திக் காட்ட வேண்டும். நான் எடுத்துக்கொண்டது லெசித்தின் என்ற கொழுப்பு. அதன் மூலக்கூறில் தலை தண்ணீரை விரும்பும். வால்கள் இரண்டும் தண்ணீரைக் கண்டால் ஓடி ஒளியும். அதனால் யாரும் சொல்லாமலே வால்களை உள்ளே மறைத்து, தலைகளை வெளியே காட்டி, அடுக்கடுக்காக நின்றுகொள்ளும். தண்ணீர் பட்டதும் அந்த அடுக்குகள் சேவை பிழிந்தது போல நீண்டு வளர்வதை நுண்ணோக்கியில் காட்டிவிட்டால் வேலை எனக்குத்தான். (அப்பா இதைச் சாலைக் கடைத்தெரு முழுக்கச் சொல்லியும் விட்டார்.)

முந்தின நாள் மாலை சாப்பாட்டு மேசையில் குப்பிகளைப் பரப்பியிருந்தேன்.

"ஏ மக்கா, இது எதுல உள்ளதாக்கும்?" என்றாள் அம்மா.

"முட்டை மஞ்சக்கருலம்மா."

எங்கள் வீட்டில் முட்டை படியேறியதே இல்லை. அம்மா குப்பிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் பயந்திருக்க வேண்டும். நானோ அறைக்குள் நடந்து நடந்து பாடத்தை ஒப்பித்துக்கொண்டிருந்தேன்.

காலையில் கண்ணாடித் தகடுகளைத் திரும்பத் திரும்பத் துடைத்தேன். சொட்டுக் குப்பியில் அவசரமாகத் தண்ணீர் நிரப்பினேன். லேசாக நுரைத்தது. (வேகமாக ஊற்றியதால் என்று முடிவு கட்டினேன்.)

தேர்வுக் குழுவின் முன்னால் லெசித்தின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். நுண்ணோக்கியோடு இணைத்திருந்த திரையில் எதுவும் முளைக்கவில்லை. காலை மாற்றி மாற்றி நின்றேன். குமிழைத் திருகினேன். "இதோ, இப்ப வளரும்" என்றேன். இருந்த கொழுப்பும் ஓரத்திலிருந்து கரைந்து காணாமல் போனது.

"எவிடெ மோளே, வளரும்னு சொன்னது?" என்று குழுத் தலைவி மலையாளம் கலந்து அன்பாகக் கேட்டார். அந்த அன்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து, குப்பிகளைத் தொட்டாயா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"அந்தத் தண்ணிக் குப்பி முட்டைக்குப் பக்கத்துல இருந்ததாக்கும். பாத்திரம் கழுவுற சோப்பை ஊத்தித் தேய்ச்சேன். அலம்பப் போனா பைப்புல தண்ணி நின்னுபோச்சு, கேட்டியா."

சோப்புக்கும் தலையும் வாலும் உண்டு. அது கொழுப்பின் அடுக்குக்குள் நுழைந்து, துணுக்குத் துணுக்காகப் பிரித்துக் கொண்டுபோய்விடும். அங்கேயே இதைச் சொல்லியிருந்தால் அதைவிட நல்ல பாடம் ஏது? பேருந்தில் கூடத் தோன்றவில்லை. அம்மா சொன்ன பிறகுதான் தோன்றியது. அன்று அழுதேன்.

பிறகு வேறு கல்லூரியில் வேலை கிடைத்தது. அங்கே வருடா வருடம் சோப்புச் சொட்டோடுதான் அந்தப் பாடத்தை நடத்துகிறேன். ஆனால் வீட்டில் யார் நேர்முகத் தேர்வுக்குக் கிளம்பினாலும் அம்மா வாசல்வரை வந்து, இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுவாள்:

"நான் ஒண்ணும் கழுவல்ல, கேட்டியா!"