சம்பந்தி வீட்டாரை அவித்த கதை

எனக்கு வண்டி ஓட்டத் தெரியும், வைத்துக்கொள்ளத் தெரியாது. (வண்டி வாங்கியவன் எவனும் இதை ஒப்புக்கொள்ள மாட்டான். நான் பட்டவன், ஒப்புக்கொள்கிறேன்.)

என்னுடையது எட்டுப் பேர் உட்காரும் பழைய பெட்ரோல் எஸ்.யூ.வி. டெல்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ் வாசலில் நிறுத்தினால் பாதித் தெருவை அடைக்கும். "ரேடியேட்டரைச் சுத்தம் பண்ணுங்க" என்று மெக்கானிக் மூன்று தடவை சொல்லிவிட்டார். நான் சுத்தம் செய்தது கண்ணாடியை மட்டும். ஆனால் பக்தியில் குறை வைத்ததில்லை. மாதா மாதம் கார்த்திகைக்கு மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போய், வண்டி முகப்பில் செவ்வந்தி மாலை சாத்துவேன். சாமி மாலையைக் கழற்றிக் குப்பையில் போடலாமா? பாவம் அல்லவா? தானாகக் காய்ந்து உதிரட்டும் என்று விட்டுவிடுவேன்.

ஒரு ஜூன் மாதம், என் தங்கை செல்வியைப் பெண் பார்க்கப் பாளையங்கோட்டையிலிருந்து பையனின் அப்பா, அம்மா வந்தார்கள். பையனும் செல்வியும் ஏற்கெனவே மனம் ஒத்துப்போனவர்கள். பெரியவர்கள் தலையாட்டுவதுதான் பாக்கி.

"அண்ணே, டாக்ஸி பிடிச்சுக் கூட்டிட்டு வா. உன் வண்டி வேண்டாம். உன் கால்ல விழுதேன்" என்றாள் செல்வி.

"ஏட்டி, போ! பெரிய வண்டில கூட்டிட்டு வந்தாத்தான நமக்கு மதிப்பு?"

ஸ்டேஷனிலிருந்து அவர்களை ஏற்றிக்கொண்டு வரும் வழியில், தௌலா குவான் நெரிசலில் சூடு காட்டும் முள் விறுவிறுவென்று ஏறியது. எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம், ஏசியை அணைத்து ஹீட்டரை முழுசாகத் திறந்துவிடுவது. இன்ஜின் சூடு வண்டிக்குள் வந்துவிடும், இன்ஜின் பிழைக்கும். (உள்ளே இருப்பவர்கள் பிழைப்பார்களா என்பது வேறு விஷயம்.)

பட்டுப்புடவையில் இருந்த பையனின் அம்மா முன்னால் குனிந்தார். "தம்பி, ஏசில அனல்லா வருது?"

"டெல்லில முதல்ல அப்படித்தான் வரும் அத்தை. பொறவு குளுந்துரும்."

குளிரவில்லை. மோதி பாக் தாண்டும்போது பானட்டிலிருந்து ஆவி கிளம்பியது. ஓரங்கட்டி, பானட்டைத் தூக்கி, ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனேன்.

"எலேய், தொடாத! மூஞ்சி வெந்துரும்!"

பையனின் அப்பா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். மனிதர் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ரிட்டயரானவர் என்பது அப்போதுதான் எனக்குத் தெரியும். வேட்டியை மடித்துக் கட்டி, முகப்புக் கம்பிக்குள் எட்டிப் பார்த்தார். மனைவியின் கொண்டை ஊசியை வாங்கிக் கிளறினார். கை கையாகக் காய்ந்த செவ்வந்தி வந்தது.

"காத்து போற வழியெல்லாம் பூவ வச்சு அடச்சிருக்கியேலே! அந்த முருகனுக்கே மூச்சு முட்டும்!"

செத்தேன் என்று நினைத்தேன். தங்கை வாழ்க்கையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுவிட்டேனே! இன்ஜின் ஆறியதும் தண்ணீர் ஊற்றி, ஒருவழியாக வீடு வந்தோம். கரிக் கையோடு நின்ற வருங்கால மாமனாரையும், அவித்தெடுத்த மாமியாரையும் பார்த்த செல்வியின் கண் கலங்கிவிட்டது.

குளித்துவிட்டு வந்து, காப்பியைக் குடித்து முடித்து, பையனின் அப்பா என் அப்பாவிடம் சொன்னார்: "பொண்ணைப் பிடிச்சிருக்கு. ஆனா ஒரு கண்டிஷன்."

என் கண் தானாக வாசலில் நின்ற வண்டிக்குப் போனது.

"கல்யாணத்தை டெல்லியிலயே, தை மாசத்துல வைங்க. குளிருக்கு உங்க மவன் வண்டியிலதான் நாங்க வருவோம். ஹீட்டர்னா அது ஹீட்டர்!"

செல்வி சிரித்துவிட்டாள். அப்பாடா! நான் அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டேன்.

தையிலேயே கல்யாணம் நடந்தது. செல்வி மகனுக்கு இப்போது நாலு வயது. அவனுக்கு என் பெயர் தெரியாது. யார் கேட்டாலும், "ஹீட்டர் மாமா" என்கிறான்.