வெர்சாயில் ஒரு வாடகை வாள்

எலுவா முன்னால் பார்த்து நடக்க நடக்க, அவருக்குப் பின்னால் வாளுறை யாரையாவது இடித்துக்கொண்டே வந்தது.

"ஏங்க, அதக் கொஞ்சம் அடக்கி வைங்க. அந்தம்மா பாவாடை மேல ஏறுது," என்றாள் பெரின்.

ஊரார் பார்க்க ராஜா உட்கார்ந்து சாப்பிடும் வழக்கத்தை நேரில் பார்க்கலாம் என்று புருஷனும் பெண்சாதியும் பாரிசிலிருந்து வந்திருந்தார்கள். இடுப்பில் வாள் இல்லாத ஆணை வெர்சாய் அரண்மனைக்குள் விடமாட்டார்கள். இல்லாதவர்களுக்கு வாசலிலேயே வாடகைக்குக் கிடைக்கும். எலுவா கையுறை தைப்பவர். அவர் இடுப்பில் அதுவரை கத்தரிக்கோல்தான் தொங்கியிருக்கிறது.

வாளை அடக்க, பிடியைக் கீழே அழுத்தினார். உறையின் நுனி பின்னால் எழும்பி ஒரு கிழவரின் பொய்முடியைத் தூக்கியது. மன்னிப்புக் கேட்கத் திரும்பினார். வாள் சுழன்று, ஊதாப் பட்டு அங்கி அணிந்த ஒரு பிரபுவின் கால்களுக்கு நடுவே புகுந்தது. பிரபு விழுந்தார். பட்டுக் காலுறை முழங்கால்வரை கிழிந்தது.

குனிந்து வணங்குவதற்கு முன் இந்தப் பாழாய்ப்போன வாளைப் பிடித்துக்கொள்வோம் என்று எலுவா பிடியைக் கெட்டியாகப் பற்றினார். பதற்றத்தில் வாள் ஒரு சாண் வெளியே வந்துவிட்டது.

கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எங்கிட்டயா வாள உருவுற?" என்றார் பிரபு.

"ஐயையோ, கும்பிடத்தான் பிரபு..."

"வாள உருவிக்கிட்டா கும்பிடுவாங்க? இத்தன பேர் பாத்தாச்சு. இனி சும்மா போனா என் மானம் என்னாகுறது? வா வெளிய!"

அரண்மனைக்குள் சண்டையிட்டால் சிறை. அதனால் மதிலுக்கு அப்பால் இருந்த தோப்புக்குப் போனார்கள்.

"இன்னொரு தடவ மன்னிப்புக் கேளுங்களேன்."

"கேக்கக் கேக்கத்தான் அவருக்குக் கோவம் ஏறுது, பெரின்."

"உங்களுக்கு வாள் வீசத் தெரியுமா?"

"இது வீசுற வாள் இல்ல, குத்துற வாள். மூணு பட்டைக் கம்பி மாதிரி. நுனி மட்டுந்தான் கூர். நெஞ்சுல நுழைஞ்சா முதுகுல தெரியும்."

"இதச் சொல்லித்தான் எனக்குத் தைரியம் குடுக்கணுமா?"

வாள் பயிற்சிக் கூடங்களுக்குக் கையுறை கொண்டுபோகும்போது ஓரமாக நின்று பார்த்ததுதான் எலுவா கற்ற வித்தை. அதிலும் அவர் கண்ணில் பட்டதெல்லாம் சண்டைக்கு முந்தைய வணக்கம் மட்டும்தான். அதை அழகாகச் செய்தார். தொப்பியைக் கழற்றினார், வாளை இடமும் வலமும் தாழ்த்தினார், ஓரடி பின்வாங்கி இடக்கையைக் காதோரம் உயர்த்தி நின்றார்.

பிரபுவும் அப்படியே வணங்கினார். பிறகு மறுபடியும் வணங்கினார். பெரிய மனிதர் இரண்டு முறை செய்யும்போது கையுறைக்காரன் ஒன்றோடு நிறுத்துவது மரியாதையா? எலுவாவும் மறுபடி செய்தார். பிரபு மீண்டும் தொப்பியைத் தூக்கினார்.

"குத்திக்கப் போறீங்களா, நாட்டியம் ஆடப் போறீங்களா?" என்று கத்தினாள் பெரின்.

எலுவா கண்ணை மூடிக்கொண்டு, கையை நீட்டி, வலக்காலைப் பாய்ச்சினார். ஈரப்புல்லில் கால் வழுக்கிக்கொண்டே போனது; அகன்ற கால்களோடு எழ முடியாமல் மாட்டிக்கொண்டார். பிரபுவின் வாள்நுனி அவர் நெஞ்சுக்கு நேரே வந்து நின்று நடுங்கியது.

பிற்காலத்தில் இதைச் சொல்லும்போதெல்லாம் எலுவா இந்த இடத்தில் நிறுத்தி, பெரினின் கையைத் தேடிப் பிடித்துக்கொள்வார். கடைசிவரை அப்படித்தான்.

"விட்டுடுங்க பிரபு! இந்த மனுஷன் ஆட்டுத்தோலத் தவிர எதையும் குத்துனதில்ல!" பெரின் ஓடிவந்து வாளுக்கு முன்னால் நின்றாள்.

அப்போது முழங்கைவரை மாவு அப்பிய ஒரு பெண் மரங்களுக்கிடையே மூச்சிரைக்க வந்து, பிரபுவைப் பார்த்து இடுப்பில் கைவைத்தாள்.

"ராஜாவ எட்டிப் பாத்துட்டு வரேன்னு போன ஆளு, கல்யாண அங்கியோட இங்க என்ன வெளையாட்டு? ரொட்டி மாவு தொட்டியத் தாண்டி வழியுது, வாடகை வாள வாசல்ல குடுத்துட்டு வந்து அடுப்பப் பத்த வைங்க!"