பதினாலாம் நம்பர் கதவு

ஒரே இடத்தில் உட்கார்ந்தபடி ஒரு ராஜ்ஜியத்தை விட்டு இன்னொரு ராஜ்ஜியத்துக்குப் போனவள் நான். சத்தியவேடு பக்கம் எங்கள் ஊர். எனக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது எல்லைக்கோட்டைத் தூக்கி எங்களுக்குத் தெற்கே போட்டுவிட்டார்கள். நேற்று வரை மெட்ராஸ், இன்றிலிருந்து ஆந்திரா. மாடு அதே கொட்டகையில்தான் கட்டியிருந்தது. கிணற்றுத் தண்ணீரும் அதே உப்புத்தான். அவ்வளவு சுலபமாக ராஜ்ஜியம் மாறியவளுக்கு, ஒரு விமானத்திலிருந்து இறங்கி இன்னொரு விமானத்தில் ஏறத் தெரியவில்லை. இதை ஒப்புக்கொள்ள எனக்கு இருபது வருஷம் பிடித்தது.

அந்த எல்லை மாற்றத்தில் எனக்கு ஏற்பட்ட ஒரே நஷ்டம் எங்கள் தமிழ் வாத்தியார். அவர் திருத்தணிப் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்து வந்தவர் தெலுங்கில் ஆரம்பித்தார். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு நான் வேர்க்கடலை பிடுங்கப் போய்விட்டேன். ஆகவே எனக்குத் தமிழ் பாதி, தெலுங்கு கால், இங்கிலீஷ் சுழி. எண்கள் மட்டும் நன்றாக வரும். (எண்களை மாற்ற எந்த சர்க்காருக்கும் தோன்றவில்லை, அந்த மட்டும் புண்ணியம்.)

இது எதுவும் என் சம்பந்தியம்மாவுக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பதில் நான் வெகு கவனமாக இருந்தேன்.

என் மகள் கல்பனா அமெரிக்காவில் தன்னோடு வேலை பார்த்த திருப்பதிப் பையனைக் கட்டிக்கொண்டாள். தெலுங்குக்காரர்கள். பையனின் அம்மா அனசூயம்மா, ரிடையரான ஹெட்மாஸ்டரின் மனைவி. கழுத்தில் சங்கிலி கோத்து மூக்குக்கண்ணாடி தொங்கும். அந்தக் கண்ணாடியைப் பார்த்தாலே இங்கிலீஷைக் கரைத்துக் குடித்தவர் என்று எனக்குத் தோன்றும். அவர் எங்கள் சித்தூர் வீட்டுக்கு வரும்போதெல்லாம் நான் இங்கிலீஷ் பேப்பரைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருவேன். படத்தைப் பார்த்து எது மேல், எது கீழ் என்று பிடித்துவிடுவேன். அது போதுமே.

கல்பனாவுக்கு ஏழாம் மாதம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வளைகாப்பு என்று நேரம் குறித்தாயிற்று. முதல் வளையல் பெற்றவள் கையால் ஏற வேண்டும், அடுத்தது மாமியார் கையால். நாங்கள் இருவரும் சனிக்கிழமை விடியும்போது சென்னையில் ஏறி, நடுவில் ஒரு பெரிய விமான நிலையத்தில் இறங்கி, வேறு விமானம் மாறி, அன்றைக்கே போய்ச் சேர்வதாக ஏற்பாடு.

"ரேணிகுண்டாவுல ரயில் மாறுற மாதிரிதான். அதுக்குப் போயி பயப்படுறியே" என்றார் என் வீட்டுக்காரர். (அவர் ரேணிகுண்டாவில் இரண்டு தடவை ரயிலைத் தவறவிட்டவர்.)

கிளம்புவதற்கு முதல் நாள் கல்பனா போனில் பேசினாள்.

"மா, அத்தைக்கு இங்கிலீஷ் வராது. வெளிய சொல்லிக்க மாட்டாங்க. நீதான் தெகிரியமா இட்டுக்கினு வரணும். ஒரு காயிதம் அனுப்பிக்கிறேன், யூனிபாரம் போட்டவங்க யாரா இருந்தாலும் காட்டு."

"நான் இட்டுக்கினு வர்றேன்டி. நீ பேசாம படு."

சம்பந்திக்கு இங்கிலீஷ் வராது என்பதை நான் நம்பவில்லை, அந்தக் கண்ணாடி சும்மாவா தொங்கும்? காகிதத்தைப் பார்த்தேன். 'இந்த அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, தயவுசெய்து அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுங்கள்' என்று இங்கிலீஷில் அடித்திருப்பதாக என் மகன் படித்துச் சொன்னான். பஸ்ஸில் வாய் பேசாதவர்கள் மடியில் ஒரு அட்டையைப் போட்டுவிட்டுப் போவார்களே, அதுதான் ஞாபகம் வந்தது. எட்டாக மடித்துச் சுருக்குப்பையின் அடியில், பாக்குக்குக் கீழே வைத்தேன். சம்பந்தி எதிரில் அதை எடுப்பதைவிட விமானத்திலிருந்து குதித்துவிடலாம்.

வளையல் என் பொறுப்பு. திருப்பதி கடைத்தெருவில் வாங்கிய நாலு டஜன் கண்ணாடி வளையல்கள், பச்சையும் சிவப்புமாக. துண்டில் சுற்றி, டப்பாவில் வைத்து, கைப்பையில் போட்டு, குழந்தையைப்போல மடியில் வைத்துக்கொண்டே வந்தேன்.

விமானம் இறங்கியது. கதவைத் தாண்டியதும் ஒரு ஆள் இரண்டு வீல்சேரோடு, ஏதோ எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். எங்களைப் பார்த்தான், அட்டையைப் பார்த்தான், நாற்காலியைக் காட்டினான். பாவம், யாரோ நடக்க முடியாதவர்களுக்காக நிற்கிறான் என்று எனக்குத் தோன்றியது. வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டுத் தலையை நிமிர்த்தி நடந்தேன். சம்பந்திக்கு மூட்டு வலி. இருந்தாலும் நான் நடக்கும்போது அவர் உட்காருவாரா? அவரும் நடந்தார். (அட்டையில் இருந்தது எங்கள் இரண்டு பேர் பெயரும்தான். மாப்பிள்ளை எங்களிடம் சொல்லாமலே ஏற்பாடு செய்திருந்தார். சொன்னால் சண்டைக்கு வருவோம் என்று பயம்.)

கூட்டம் போன வழியே போனோம். ஒரு மேஜையில் இருந்த பெண் எங்கள் சீட்டுகளை வாங்கி, பேனாவால் ஒரு எழுத்தும் ஒரு எண்ணும் எழுதிக் கொடுத்தாள்.

"ஏமி ராசிந்தி, வதினா?" என்று கேட்டார் சம்பந்தி. என்ன எழுதியிருக்கிறாள், அண்ணி, என்று என்னைக் கேட்கிறார். கண்ணாடி அவர் கழுத்தில் தொங்குகிறது.

"பதினாலு" என்றேன், தினமும் இதே வேலையாக இருப்பவள்போல. முன்னால் இருந்த எழுத்தை நான் பொருட்படுத்தவில்லை. எழுத்து எதுவாக இருந்தால் என்ன, பதினாலு பதினாலுதானே.

அந்த இடம் சித்தூர் சந்தையைப்போல நூறு சந்தை அளவு இருக்கும். நடந்தோம், நடந்தோம், சம்பந்தியின் மூட்டு எனக்கே வலிக்கும் அளவுக்கு நடந்தோம். கடைசியில் பதினாலு கண்ணில் பட்டது. எனக்கு வந்த பெருமையைச் சொல்ல முடியாது. அங்கே ஜனம் வரிசையில் நின்றது. நாங்களும் நின்றோம். வாசலில் இருந்த பெண் எங்கள் சீட்டைப் பார்த்துத் தலையை ஆட்டி, கையை நீட்டித் தூரமாகக் காட்டினாள். அவள் காட்டிய திக்கில் வரிசையாக நாற்காலிகள் இருந்தன.

"ஒக்காரச் சொல்றா" என்றேன்.

சம்பந்திக்கு அப்போதுதான் முகம் தெளிந்தது. திருப்பதிக்காரர். க்யூ விஷயத்தில் அவரை யாரும் அசைக்க முடியாது.

"இது தர்ம தரிசனம் லைனு, வதினா. நம்மள்து ஸ்பெஷலு. இவங்கள வுட்டுட்டுதான் நம்மள வுடுவாங்க."

எனக்கும் அது சரியாகவே பட்டது. மலையில் நாங்கள் பார்க்காத க்யூவா? கம்பார்ட்மெண்டில் விட்டுப் பூட்டிவிடுவார்கள். பாலும் உப்புமாவும் வரும். எவன் என்ன சொன்னாலும் இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது. எழுந்தால் போச்சு. கதவு தானாகத் திறக்கும், கோவிந்தா சத்தம் கேட்கும், அப்போது ஓடினால் போதும். பதினெட்டு மணி நேரம் உட்கார்ந்து சாமியைப் பார்த்த எங்களுக்கு இது ஒரு பெரிய விஷயமா?

உட்கார்ந்தோம். பதினாலாம் கதவு திறந்தது, ஜனம் போயிற்று, மூடியது. வேறு ஜனம் வந்தது, அதுவும் போயிற்று. மேலே ஸ்பீக்கரில் யார் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். நாங்கள் காதில் வாங்கவில்லை. மலையில் பெயர் சொல்லி யார் கூப்பிடுவார்கள்? பசித்தது. உப்புமா வரவில்லை. நான் கொண்டுவந்த முறுக்கை இரண்டு பேரும் சத்தம் வராமல் தின்றோம். பாத்ரூமுக்குக்கூட முறை வைத்துத்தான் போனோம். ஒருவர் போனால் இன்னொருவர் இரண்டு நாற்காலியிலும் கையைப் பரப்பி இடம் பிடித்துக்கொள்வோம். சுற்றிலும் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன, எங்கள் இடத்துக்குப் போட்டி போட அங்கே ஒரு ஈ இல்லை.

"வெங்கடரமணா, எப்புடு தீஸ்தாரோ" என்று சம்பந்தி பெருமூச்சு விட்டார். எப்போதுதான் திறப்பார்களோ என்ற அந்தப் பெருமூச்சைக் கேட்டு, தரையைத் துடைத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள்.

"மீதே ஊரு?" என்றாள், எந்த ஊர் என்று.

சூளூர்பேட்டைக்காரியாம். பெயர் ரமணம்மா. தமிழும் தெலுங்கும் எங்களைப்போலவே கலந்து பேசினாள்.

"மூணு தபா உங்க காலத் தூக்கச் சொல்லி தொடச்சிட்டேன் அக்கா. எவ்ளோ நேரமா குந்திக்கினு கீறீங்க? சீட்டக் குடுங்க."

பார்த்தாள். மாப்பைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

"இது இந்த வரிசைப் பதினாலு. உங்க பதினாலு அந்தக் கோடில கீது, சின்ன ரயில்ல ஏறிப் போவணும். பிளேனு பூட்ச்சிக்கா. ஒரு மணி நேரம் ஆச்சு."

"போயிந்தா?" என்றார் சம்பந்தி.

"போயிந்தி."

சம்பந்தி சீட்டை வாங்கிப் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார்.

"உங்களோட இங்கிலீசு தெரிஞ்சவங்க யாரும் வர்லியா?" என்று கேட்டாள் ரமணம்மா.

நான் சம்பந்தியைக் கை காட்டினேன். அதே நேரத்தில் அவர் என்னைக் கை காட்டினார்.

"சரிதான். காயிதம் ஏதாவது குடுத்து அனுப்பியிருப்பாங்களே. எல்லாப் புள்ளைங்களும் குடுப்பாங்களே."

இனிமேல் என்ன மானம்? சுருக்குப்பையைத் திறந்து, பாக்கைத் தள்ளி, காகிதத்தை எடுத்தேன். நிமிர்ந்தால் சம்பந்தி தன் பையிலிருந்த கண்ணாடிக் கூட்டைத் திறந்து இன்னொரு காகிதத்தை எடுத்துக்கொண்டிருந்தார். அதுவும் எட்டாக மடித்தது.

ரமணம்மா இரண்டையும் விரித்துப் பார்த்தாள். "ரெண்டும் ஒண்ணுதான். பேரு மட்டும் வேற."

"உங்க பையன் என்ன சொல்லி அனுப்பினாரு?" என்று கேட்டேன்.

"வதினாவுக்கு இங்கிலீஷ் ராது, வெளிய சொல்லிக்க மாட்டாங்க, நீதான் ஜாக்கிரதயா இட்டுக்கினு வரணும்னு சொன்னான்."

"அப்ப அந்தக் கண்ணாடி?"

"அது தெலுங்குக்கு மட்டும்தான், வதினா."

ரமணம்மா எங்களை ஒரு மேஜைக்குக் கூட்டிப்போய் விட்டாள். அங்கிருந்தவர்கள் மறுநாள் விமானத்தில் இடம் போட்டுக் கொடுத்து, கல்பனாவுக்குப் போனும் போட்டுக் கொடுத்தார்கள்.

"மா, எங்க கீற நீ?"

"பதினாலுல" என்றேன். வேறு என்ன சொல்வது.

நடந்ததைச் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திட்டவில்லை. "அப்ப நாளைக்கு எனக்கு யாரும்மா வளையல் போடுவாங்க?" என்றாள். சின்ன வயதில் பேசின குரல்.

மடியில் டப்பாவைத் திறந்து பார்த்தேன். நாலு டஜனில் ஒரு வளையல்கூட உடையவில்லை. உடைந்திருந்தாலாவது ஒரு சாக்குச் சொல்லியிருக்கலாம். சம்பந்தி டப்பாவின் மூடியை மெதுவாகச் சாத்தி, என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பிள்ளைகளுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷத்தில் நாங்கள் ஒருவரை ஒருவர் தொட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் வீல்சேர் வந்தது. இந்தத் தடவை கையை ஆட்டாமல் இரண்டு பேரும் ஏறி உட்கார்ந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீடு போய்ச் சேர்ந்தோம். விருந்தாளிகள் போய்விட்டார்கள். கல்பனா சோபாவில் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இழுத்துப் பார்த்தேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ரப்பர் பேண்டு. பச்சை, சிவப்பு, மஞ்சள், தலைமுடிக்குப் போடுவது, தபால் கட்டுக்குப் போடுவது, கொத்தமல்லிக் கட்டிலிருந்து கழற்றியதுகூட இருந்தது.

"வளையல் இல்லன்னாலும் நேரம் தவறக்கூடாதுன்னு வந்தவங்க ஆளுக்கு ஒண்ணு மாட்டிட்டாங்கமா" என்றாள். "எடுத்தா ஆவாதுன்னு வச்சிக்கினு கீறேன். கை மரத்துப் போச்சு."

நானும் சம்பந்தியும் ஆளுக்கு ஒரு கையாகப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு, கண்ணாடி வளையலை ஏற்றினோம். முதல் வளையலை யார் போட்டது என்று எனக்கே தெரியாது. ஒரே ஒரு ரப்பர் பேண்டை மட்டும் கல்பனா விடவில்லை. அது காலையில் முதலில் ஏறியதாம். பிரசவத்துக்குப் போகும்போதும் அது கையில் இருந்தது. நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்தாள்.

அதிலிருந்து இரண்டு குடும்பத்திலும் யார் எங்கே தாமதமானாலும் "பதினாலுல குந்திக்கினு கீறாங்க" என்றுதான் பேச்சு. அதுகூடப் பரவாயில்லை. இரண்டு குடும்பத்திலும் எந்த வளைகாப்பு நடந்தாலும் கண்ணாடி வளையலுக்கு முன்னால் ஒரு ரப்பர் பேண்டு ஏறுகிறது. போன மாதம் புத்தூரில் ஒரு வளைகாப்பு. புதிதாகச் சம்பந்தம் செய்துகொண்டவர்கள் ரப்பர் பேண்டைப் பார்த்துவிட்டு, இது என்ன வழக்கம் என்று கேட்டார்கள்.

"அது தமிழ்க்காரங்க சம்பிரதாயம்" என்றார் அனசூயம்மா, கண்ணாடியை மாட்டிக்கொண்டு.

"இல்ல, தெலுங்குக்காரங்களுது" என்றேன் நான்.

எல்லைக்கோடு போட்டு எத்தனையோ வருஷம் ஆயிற்று. இந்த ரப்பர் பேண்டை மட்டும் இன்னும் எந்த ராஜ்ஜியமும் ஏற்றுக்கொள்ளவில்லை.