கட்டிலுக்கு நேர் மேலே ஸ்பீக்கர் பெட்டி

அன்புள்ள தம்பி கெல்வினுக்கு, இப்ஸ்விச்சிலிருந்து அக்கா நோரீன் எழுதுவது. இந்த நிமிடம் வரை உயிரோடு இருக்கிறேன். பண்டபெர்க்கில் நீயும் டாஃப்னியும் நலமென்று நம்புகிறேன்.

நீ தச்சன் என்பதால்தான் உனக்கு எழுதுகிறேன். மாடியில் இருக்கிற வீட்டுக்காரர் ஹிக்கியை உனக்குத் தெரியும். ரிட்டையரான கணக்கு வாத்தியார், மனைவி போனபின் பாட்டுதான் துணை. அவருடைய ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டும் என் கட்டிலுக்கு நேர் மேலே, பலகைத் தரையில் நிற்கின்றன. பாட்டின் அடிச்சத்தம், அதான் பாஸ், கொழகொழவென்று இருக்கிறதாம். முதலில் பெட்டிக்கொரு செங்கல் ஏற்றினார், பிறகு நடைபாதைக் கல், பிறகு மணல் மூட்டை, ஒவ்வொன்றுக்கும் என் தலைக்கு மேல் பலகை முனகும், என் தேநீரில் தூசி விழும், மேலே அவர் கைதட்டுவார். பயம் தாங்காமல் மாடியேறிப் போனேன்.

"பெட்டி அதிருது நோரீன், அதான் பாஸ் இழுவுது. எடை ஏத்துனா பெட்டி அசையாது, சத்தம் கிண்ணுன்னு வரும்."

"பெட்டி அசையாது சரி, தரை?"

"இந்த வீடு எத்தனை வெள்ளத்தப் பாத்தது."

"வெள்ளம் கீழேர்ந்து வந்துச்சு. நீங்க மேலேர்ந்துல்ல வர்றீங்க."

சிரித்துவிட்டுப் புதிதாக வந்த கல்லைக் காட்டினார். கல்லறைக்கல், தம்பி. பெயரைத் தப்பாகச் செதுக்கியதால் கல்தச்சர் ஒதுக்கிப் போட்டதாம். 'நிம்மதியாக உறங்குக' என்ற வரி மட்டும் பிழையில்லாமல் இருந்தது. அதற்கு நேர் கீழேதான் நான் உறங்க வேண்டும். அன்றிலிருந்து சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினேன், தூங்கினேன் என்று சொல்வதுகூடப் பொய்.

நேற்று மத்தியானம் ரொட்டி வாட்டிக்கொண்டிருந்தேன். படாரென்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால் அறையின் கூரைப்பலகை முழுக்க என் கட்டில்மேல் கிடக்கிறது, தலையணை இருந்த இடத்தில் அந்தக் கல். மேலே ஓட்டை வழியாக ஒரு பெட்டி ஒயரில் தொங்குகிறது, பாட்டு மட்டும் நிற்கவில்லை. ஹிக்கி வெறுங்காலோடு ஓடிவந்து இடிபாட்டைக் கையால் தோண்டினார்.

"நோரீன், எங்க இருக்கீங்க? எதாவது பேசுங்க."

"இங்க இருக்கேன். ரொட்டி கருகுது."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "இன்னொரு ஆளப் பொதைக்க எனக்குத் தெம்பில்ல நோரீன்" என்றார். கோபித்துக்கொள்ள வாயெடுத்தவள் தேநீர்தான் போட்டேன். சாயங்காலத்துக்குள் எல்லாக் கல்லையும் அவரே சுமந்து வெளியே போட்டுவிட்டார்.

நீ உத்தரக் கட்டைகளோடு உடனே புறப்பட்டு வா. டாஃப்னிக்கு என் அன்பு. உங்கள் வீட்டுக் கூரை அதன் இடத்திலேயே இருக்க ஆண்டவர் அருளட்டும்.

உன் அக்கா,
நோரீன்

பி.கு.: காலையில் பாட்டில்லாமல் வீடு பயமுறுத்தியது. பெட்டிகளை என் அறையிலேயே வைக்கச் சொல்லிவிட்டேன். இங்கே சிமெண்டுத் தரை, கீழே குடியிருப்பவர் யாருமில்லை. எடையில்லாமல் கேட்டுப் பார்த்தேன், மனுஷன் சொன்னது சரிதான், பாஸ் இழுக்கத்தான் செய்கிறது. கட்டைக்கு அவசரமில்லை. உன் பட்டறையில் சும்மா கிடக்கிற இரும்புப் பட்டடை எத்தனை கிலோ என்று எழுது.