கரடியின் ஈரலில் வடை

ஒரு காட்டில் ஓர் ஆய்வுக்கூடம் இருந்தது. காட்டுக்கு எதுக்கய்யா ஆய்வுக்கூடம் என்று கேட்காதீர்கள், கட்டிவிட்டார்கள். இயக்குநர் ஒரு நரி, அதை நான் சொல்லவே வேண்டாம். அங்கே கோமளவல்லி என்ற கீரி, தற்காலிக வேலையிலேயே நாலு வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்தது.

அதன் வேலை, உடம்புச் சதையில் எங்கே என்ன கொழுப்பு இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. துளியூண்டு சதையை உறையவைத்து, தாளைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குள் வைக்க வேண்டும். பெயர் வாயில் நுழையாததால் எல்லோரும் அதை எடைப்பெட்டி என்றார்கள். அது லேசர் அடித்து, கிளம்பி வருகிற மூலக்கூறுகளை எடை பார்த்துப் படம் போட்டுக் காட்டும். ஒரே தொல்லை, சதையிலுள்ள உப்பு குறுக்கே வந்து கொழுப்பை மறைத்துவிடும். பத்தொன்பது வகைக்கு மேல் தெரியவில்லை. முந்நூறு காட்டினால் வேலை நிரந்தரம் என்று நரி சொல்லியிருந்தது.

கீரி சளைக்கவில்லை. கொழுப்பு கரையாமல் உப்பு மட்டும் போகிற மாதிரி ஒரு கரைசலைத் தேடிப் பிடித்து, எட்டு மாதம் அலசு அலசு என்று அலசியது. பத்தொன்பது நாற்பத்தொன்றானது. அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை, கரடியின் ஈரல் துணுக்கை வைத்தபோது, திடுதிப்பென்று முந்நூற்றுப் பன்னிரண்டு!

கூடமே அமர்க்களப்பட்டது. நிரந்தர வேலைக்கு உத்தரவு தயாரானது. கரடியைக் கூப்பிட்டு, உனக்குக் கொழுப்பு அதிகம் என்றார்கள். யாரைப் பார்த்துச் சொல்கிறாய் என்று அது சண்டைக்கே வந்துவிட்டது. ஈரலில்தான் என்று சமாதானப்படுத்தி, இனித் தேனைத் தொடக் கூடாது என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். பாவம், இலந்தைப்பழத்தைச் சப்பிச் சப்பிப் பத்தே நாளில் கரடி பாதியாகிவிட்டது.

கோமளவல்லிக்கு ஒரு விஷயம் உறுத்தியது. சதை ஒட்டாத வெறும் கண்ணாடியிலும் படத்தில் கொழுப்பு தெரிந்தது. உற்றுப் பார்த்தால் கட்டைவிரல் அடையாளம். சதை சீவுகிறவர் ஆமையார். கையை ஓட்டுக்குள் இழுக்கும்போது சிக்குகிறது என்று அந்தச் செவ்வாய்க்கிழமைதான் கையுறையைக் கழற்றிப் போட்டிருந்தார். பதினொரு மணிக்கு இரண்டு உளுந்து வடை தின்று, கையை ஓட்டில் துடைத்துக்கொண்டு வேலையில் உட்காருவார். கீரி அவர் கையைக் கழுவ வைத்து மறுபடி பார்த்தது. மறுபடியும் நாற்பத்தொன்று. மிச்சமெல்லாம் கடலை எண்ணெய். கரடியின் ஈரல் படு சுத்தம்.

சொல்லாவிட்டால் வேலை நிரந்தரம். சொன்னால் கரடிக்குத் தேன். ஒரு நாள் முழுக்கக் கீரிக்குப் பாம்புகூட இறங்கவில்லை. கடைசியில் போய்ச் சொல்லிவிட்டது.

நரி கோபப்படவில்லை. "ஆமையார் கையைக் கழுவினா மேலிடம் நம்மளைக் கை கழுவிடும்மா," என்றது.

"நாப்பத்தொண்ணே பெரிய விஷயம் சார். அதுதான் நெஜம்."

"ஈரல்ல இல்லாத கொழுப்பு உங்கிட்டதான் இருக்கு," என்றது நரி.

பிறகு ஒரு படிவத்தை நீட்டியது. பழைய முடிவை மாற்றக் கரடியின் கையெழுத்து வேண்டுமாம், ஐந்து மணிக்குள். வராவிட்டால் பழையதே நிற்கும், குழப்பம் பண்ணிய கீரி வீட்டுக்குப் போகலாம்.

கீரி ஒரே ஓட்டமாக ஓடியது. ஈரலில் ஒன்றுமில்லை என்று கேட்டதும் கரடி அழுதேவிட்டது. நீ நல்லா இருப்பே தாயி என்று கும்பிட்டது. கீரி படிவத்தை எடுப்பதற்குள் மரத்தின் உச்சிக்கு ஏறி, இரண்டு கையையும் தேனடையில் விட்டுவிட்டது.

"அண்ணே, ஒரே ஒரு கையெழுத்து. என் வேலையே அதுலதான் இருக்கு," என்று கீரி கீழேயிருந்து கெஞ்சியது.

"கையெல்லாம் தேனும்மா, பேப்பர் பாழாயிடும்."

"அப்போ கைநாட்டாவது வைங்கண்ணே."

"எட்டாவது பாஸ் பண்ணவன் கைநாட்டு வைக்கிறதா? நாளைக்கு வாம்மா, கையைக் கழுவிட்டு அழகா போட்டுத் தர்றேன்," என்றது கரடி. அப்போது மணி நாலே முக்கால்.

நீதி: கை சுத்தமானவரைக் கை கழுவிவிடத் தண்ணீர்கூடத் தேவையில்லை.